இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் (ஜிஎஸ்ஐ): அதன் வேலை என்ன, 'நவீனமயமாக்கல்' என்பதில் எது மாறியிருக்கிறது?

சுனைநீர் எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நூலகத்து வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் நான் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. செய்தித்தாள்களில் ஜிஎஸ்ஐ என்று வருகிற நிறுவனம் உண்மையில் என்ன செய்கிறது என்பதையே தலைப்பாக வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டுவிட்டு, இப்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழிக்கிறேன்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது மேலூர் வட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் விவகாரத்தின்போதுதான். சுமார் 2,015 எக்டேர் பரப்புள்ள அந்தக் கனிமத் தொகுதியின் ஏல முடிவு 2024 நவம்பர் 7 அன்று வெளியானது. 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதியும் அதற்குள் அடங்கியிருப்பது தெரிந்ததும் ஊர்மக்கள் திரண்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று மத்திய சுரங்க அமைச்சகம், தொகுதியின் எல்லையை மறுபடி ஆராயுமாறு ஜிஎஸ்ஐயைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜனவரி 23 அன்று ஏலமே ரத்தானது. இந்தக் கதை முழுவதிலும் ஜிஎஸ்ஐயின் பெயர் அடிபட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் நான் பேசிப் பார்த்தவர்களில் பாதிப்பேர் அதை ஒரு சுரங்கக் கம்பெனி என்றே நினைத்திருந்தார்கள். மீதிப்பேர் வெள்ளைக்காரன் காலத்துக் கல் அருங்காட்சியகம் ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தார்கள்.

சுரங்கம் தோண்டாத ஒரு நிறுவனத்துக்கு நாடு ஏன் 170 ஆண்டுகளுக்கு மேலாகச் செலவு செய்கிறது? விமானத்தில் பறந்து அளக்கிறார்கள், தரவுகளை இணையத்தில் வைக்கிறார்கள் என்றெல்லாம் படிக்கிறேன். அவற்றால் அதன் வேலையின் தன்மையே மாறியிருக்கிறதா, அல்லது கருவிகள் மட்டும்தான் மாறியிருக்கின்றனவா? என்னைப் போல நிலவியல் படிக்காத ஒருவருக்கு அந்த நிறுவனத்தால் நேரடியாகக் கிடைப்பது என்ன? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கருங்கல் எழுதிய மறுமொழி:

நண்பர் சுனைநீருக்கு வணக்கம். நான் ஜிஎஸ்ஐயில் பணியாற்றியவன் அல்லன். கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மாணவர்களில் சிலர் யூபிஎஸ்சி நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி அங்கே சேர்ந்தார்கள் என்ற அளவில்தான் எனக்கு அந்த நிறுவனத்தோடு உறவு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் கூட்டத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் 'புவியியல்' என்றால் ஆறு, பருவமழை, பயிர், மக்கள்தொகை. ஜிஎஸ்ஐ செய்வது அதுவன்று, அது நிலவியல்: பாறை, கனிமம், புதைபடிவம், நிலப்பிளவு. தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதால் வந்த வினை இது. 1767-ல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியாவும் வேறு. அது மலையையும் ஓடையையும் பாதையையும் அளந்து டோப்போஷீட் என்ற நில அமைப்பு வரைபடத் தாள்களைப் போடுகிறது. ஜிஎஸ்ஐ அந்த டோப்போஷீட்டின் மேல் இங்கே என்ன பாறை, அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வரைகிறது.

1851-ல் தாமஸ் ஓல்டுஹாம் கல்கத்தாவில் வந்து பொறுப்பேற்றபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியிருந்தது நிலக்கரி. நீராவிக் கப்பலுக்கும், அப்போது போடத் தொடங்கியிருந்த ரயில் பாதைக்கும். ஆனால் எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு கிடக்கிறது என்ற வரிசை தெரியாமல் நிலக்கரியைத் துரத்துவதில் பொருளில்லை என்பதால், அவர் நாட்டை முறையாக வரைபடமாக்கும் வேலையைத் தொடங்கினார். சுரங்கம் தோண்டாத நிறுவனத்துக்கு ஏன் செலவு என்று கேட்டிருந்தீர்களே, அதற்கான பதில் அந்த முடிவில்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1857 முதல் 1860 வரை ஹென்றி பிளான்ஃபோர்டு அன்றைய திருச்சி மாவட்டத்தில் நடந்து திரிந்து, கடல் கிளிஞ்சல்களின் படிவங்களை வைத்துக்கொண்டு அங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தக் கிளிஞ்சல்களால் அன்று யாருக்கும் ஒரு சல்லிக்காசு பயனில்லை. பிற்காலத்தில் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைதான் அரியலூரைச் சிமெண்ட் ஊராக்கியது. காவிரிப் படுகையில் எண்ணெய் தேடுகிறவர்கள், டெல்டாவுக்கு அடியில் வெகு ஆழத்தில் புதைந்து கிடக்கும் அடுக்குகளைக் கண்ணால் பார்த்துத் தொட்டுப் படிக்க, அவை தரைக்கு மேல் தெரிகிற அரியலூருக்குத்தான் இன்றும் வருகிறார்கள். வரைந்தவர் வாழ்நாளுக்குள் பயன் வராமல், பேரன் காலத்தில் வருகிற வேலை இது. எந்தக் கம்பெனியும் தன் கணக்குப் புத்தகத்தில் இதற்கு இடம் கொடுக்காது.

பயன் விரைவாக வந்ததும் உண்டு. ஜிஎஸ்ஐயில் உயர் பதவிக்கு வந்த முதல் இந்தியரான பிரமத நாத் போஸ், பணியை விட்ட பிறகு மயூர்பஞ்சில் பார்த்த இரும்புத் தாதைப் பற்றி 1904-ல் ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு எழுதிய கடிதம்தான் பின்னால் ஜாம்ஷெட்பூர் உருக்காலைக்கு வழிவகுத்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் பரப்பை உறுதிப்படுத்தியதில் 1940-களில் ஜிஎஸ்ஐ போட்ட துளைகளுக்குப் பங்குண்டு. சுதந்திர இந்தியாவில் அதன் தலைமைப் பொறுப்புக்கு 1951-ல் வந்த முதல் இந்தியர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் என்பதையும் உங்கள் கூட்டத்தில் சொல்லுங்கள். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் ஜிஎஸ்ஐ நிலவியலாளர்தான். கல்லைப் பார்க்கப் போனவர், கல்லில் மனிதன் கைபட்ட தடயத்தையும் பார்த்துவிட்டார்.

இனி டங்ஸ்டனுக்கு வருகிறேன். கனிமத் தேடலில் நான்கு படிகள் உண்டு. ஜி4 என்பது மேலோட்டமான முதல் நோட்டம், ஜி3 முதற்கட்ட ஆய்வு, ஜி2 பொது ஆய்வு, ஜி1 விரிவான ஆய்வு. எண் குறையக் குறையத் துளைகள் நெருக்கமாகும், உறுதி கூடும், செலவும் கூடும். முன்பெல்லாம் ஓரளவு உறுதியான நிலையை எட்டிய தொகுதிகளே ஏலத்துக்கு வரும். 2021-ல் விதிகளைத் திருத்தி, ஜி4 நிலையிலேயே கூட்டு உரிமத்துக்கான ஏலம் விடலாம் என்றாக்கினார்கள். கூட்டு உரிமம் என்றால், எடுப்பவர் முதலில் மேற்கொண்டு தேட வேண்டும், கிடைத்தால் பிறகு தோண்டலாம். நாயக்கர்பட்டித் தொகுதி அந்த வகையில்தான் ஏலம் போனது. 'இங்கே டங்ஸ்டன் இருக்கலாம், மேலும் பார்க்கத் தகும்' என்று நிலவியலாளர் எழுதுகிற வரி, கைமாறிக் கைமாறிச் செய்தியாகும்போது 'இங்கே சுரங்கம் வருகிறது' என்றாகிவிடுகிறது.

இதைவிடத் தெளிவான பாடம் ஜம்மு-காஷ்மீரின் ரியாசி. 2023 பிப்ரவரியில் அங்கே சலால்-ஹைமானா பகுதியில் லித்திய வளம் 59 லட்சம் டன் என்று அறிவித்தபோது, நாடு முழுவதும் ஏதோ அவ்வளவு லித்தியமும் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருப்பதுபோல் கொண்டாடியது. அது ஜி3 நிலையில் ஊகித்த வளம். டன் கணக்கு லித்தியம் கலந்த பாறைக்கு உரியது, உலோகத்துக்கு உரியதன்று. பிறகு ஏலத்துக்கு விட்டபோது போதிய எண்ணிக்கையில் கேட்பார் வரவில்லை. மறுபடி விட்டும் வரவில்லை. ஆய்வு செய்தவர்கள் 'ஊகித்த' என்ற சொல்லை விடாமல் எழுதித்தான் இருந்தார்கள். தலைப்புச் செய்தியில் அந்தச் சொல்தான் முதலில் உதிர்ந்தது.

வரைபடப்பித்தன் எழுதிய மறுமொழி:

கருங்கல் ஐயா வரலாற்றை நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் ஜிஐஎஸ், அதாவது கணினி வழி வரைபடத் தொழிலில் இருப்பவன். அரசுத் தரவுகளைப் பதிவிறக்கி, துப்புரவு செய்து, வேலைக்கு ஆகும்படி மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நவீனமயமாக்கல் என்றால் எல்லோரும் விமானத்தைக் காட்டுகிறார்கள். விமானம் புதிதே அன்று. 1967-லேயே 'ஆபரேஷன் ஹார்டு ராக்' என்ற பெயரில் அமெரிக்க உதவியோடு வானிலிருந்து காந்தப்புல அளவீடுகள் எடுத்திருக்கிறார்கள். 2017 ஏப்ரலில் தொடங்கிய தேசிய வான்வழிப் புவி இயற்பியல் வரைபடத் திட்டத்தில் புதிதாக இருப்பது அதன் சீர்மை: பறக்கும் கோடுகளுக்கு இடையே 300 மீட்டர், தரையிலிருந்து 80 மீட்டர் உயரம் என்று ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு, கனிம வாய்ப்புள்ள பரப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற தாதுவையெல்லாம் நம் முன்னோர் ஏறக்குறைய கண்டுபிடித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது மண்ணும் மணலும் மூடிய பாறைக்குள் இருப்பது. அதைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க முடியாது, காந்தப்புலத்திலும் ஈர்ப்பு விசையிலும் ஏற்படுகிற சிறு வேறுபாட்டைக் கொண்டுதான் உய்த்துணர முடியும்.

என்னைக் கேட்டால், விமானத்தைவிடப் பெரிய மாற்றம் சல்லடையில் நடந்திருக்கிறது. தேசிய புவி வேதியியல் வரைபடத் திட்டத்தில் 1:50,000 டோப்போஷீட் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓடை வண்டலை அள்ளுகிறார்கள். அள்ளியதைக் காயவைத்து, 120 மெஷ் சல்லடையில் சலித்து, விழுகிற மாவு போன்ற பொடியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து நான்கு கட்டங்களின் பொடியைக் கலந்து ஒரு மாதிரியாக்கினால், அது இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் பரப்புக்குப் பிரதிநிதி. நம் அட்சரேகையில் ஒரு டோப்போஷீட் 700 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஆக, ஒரு ஷீட்டுக்கு ஏறத்தாழ 180 அல்லது 190 மாதிரிகள், ஒவ்வொன்றிலும் அறுபதுக்கு மேற்பட்ட தனிமங்களின் அளவு. ஓடை என்பது தன் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் தேய்த்துக் கொண்டுவந்து ஓரிடத்தில் வைக்கிற தபால்காரன். ஒரு கைப்பிடி வண்டலில் மேலேயுள்ள மலையின் சாரம் இருக்கிறது.

இந்தத் தரவில் கனிமம் தேடுகிறவர் நிக்கலையும் தாமிரத்தையும் பார்ப்பார். ஆனால் அதே அட்டவணையில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், ஃபுளூரின் எல்லாம் இருக்கின்றன. எந்த வட்டாரத்தின் மண்ணிலேயே இயல்பாக ஃபுளூரின் மிகுதி என்று பொதுச் சுகாதாரத் துறையினருக்கும், எந்த நுண்ணூட்டம் குறைவு என்று வேளாண் துறையினருக்கும் இதைவிட நல்ல அடிப்படை கிடைக்காது. அவர்கள் இதை எடுத்துப் பயன்படுத்தியதை என் தொழிலில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

தரவைத் திறந்துவிட்டது மெய்யான முன்னேற்றம்தான். முதலில் ஜிஎஸ்ஐயின் பூகோஷ் என்ற இணையதளம் வந்தது. 2023 டிசம்பர் 19 அன்று தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். பெயரைப் பதிவு செய்துகொண்டால் பாறை வரைபடம், வேதியியல் அட்டவணை, வான்வழி அளவீடு ஆகியவற்றை வீட்டிலிருந்தபடி எடுத்துக்கொள்ளலாம். 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவுகள் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது பாதி வாசல் திறந்தது என்றால், இது மறுபாதி.

ஆனால் பழைய தாள்களைக் கணினியில் ஏற்றுவது ஸ்கேன் செய்வதோடு முடிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காகப் பழைய வரைபடம் ஒன்றிலிருந்து, பாறையில் ஓடும் குவார்ட்ஸ் நரம்புகளை எடுத்துச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தினேன். எல்லா நரம்புகளும் அழகாக ஒரே திசையில் நகர்ந்து, ஒன்று ஏரிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. தவறு வரைந்தவருடையதன்று, என்னுடையது. பழைய டோப்போஷீட்டுகள், பூமியின் வடிவத்துக்கான எவரெஸ்ட் என்ற பழைய கணக்கின்படி அமைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் வேறு கணக்கில் இயங்குகிறது. தென்னிந்தியாவில் இரண்டுக்கும் இடையே நூறு மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். மாற்றாமல் அப்படியே ஏற்றினால் துளைபோடும் எந்திரம் பக்கத்துத் தோட்டத்தில் போய் நிற்கும். ஒன்றரை நூற்றாண்டுக் களக்குறிப்புகளை இப்படி ஒவ்வொன்றாக இடம் சரிபார்த்து ஏற்றுவது கண்ணைக் கெடுக்கிற வேலை. ஆனால் நான் நவீனமயமாக்கல் என்று சொல்வது இதைத்தான்.

எதிர்க்கேள்வி எழுதிய மறுமொழி:

மேலே இருவரும் சொன்னவற்றில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஜிஎஸ்ஐ சுரங்க அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, சுரங்கக் குத்தகைதாரர்கள், கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டித் தொகையில் 2 விழுக்காட்டைத் தேசிய கனிமத் தேடல் அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும் என்றார்கள். 2023 திருத்தம் 24 முக்கியக் கனிமங்களின் ஏலத்தை மத்திய அரசின் கைக்குக் கொண்டுபோனது. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். அதில் 2030-31-க்குள் 1,200 தேடல் திட்டங்களை முடிக்கும் பொறுப்பு ஜிஎஸ்ஐக்கு. பணமும் இலக்கும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது, பிளான்ஃபோர்டு போலக் கிளிஞ்சல் பொறுக்க இன்று யாருக்கு அனுமதி கிடைக்கும்?

நிலத்தடி நீரைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒருகாலத்தில் அதுவும் ஜிஎஸ்ஐயின் வேலையாகத்தான் இருந்தது. 1972-ல் அந்தப் பிரிவைப் பிரித்து மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோடு சேர்த்தார்கள். யுரேனியம் அணுசக்தித் துறையின் கையில் இருக்கிறது. கடைசியில் ஜிஎஸ்ஐயிடம் எஞ்சியது தாதுவும் அதைச் சார்ந்த அறிவியலும் என்றால், மக்கள் அதைச் சுரங்கக் கம்பெனி என்று நினைப்பதில் என்ன வியப்பு? அரிட்டாபட்டியில் பாறை மாதிரி எடுத்தவர்கள் அங்குள்ள சுனைகளையும் குடைவரையையும் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? அவர்களுடைய படிவத்தில் அவற்றை எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் கதை வேறாக நடந்திருக்கும்.

குறிஞ்சிமலை எழுதிய மறுமொழி:

'தாதுவும் அதைச் சார்ந்த அறிவியலும்' என்று எதிர்க்கேள்வி எழுதியதை நான் ஏற்கவில்லை. நான் நீலகிரியில் வளர்ந்தவன். 2009 நவம்பரில் ஒரு சில நாட்களுக்குள் மாவட்டம் முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைப் பார்த்தவன். எங்களுக்கு ஜிஎஸ்ஐ என்றால் டங்ஸ்டன் நினைவுக்கு வராது, நிலச்சரிவுதான் நினைவுக்கு வரும்.

நிலச்சரிவு ஆய்வுக்கு நாட்டின் பொறுப்பு முகமை அதுதான். 2014-15-ல் தொடங்கி, மலைப்பாங்கான மாநிலங்களில் சுமார் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை, எந்தச் சரிவு பெயர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று 1:50,000 அளவில் வரைந்து முடித்திருக்கிறார்கள். பிரிட்டனின் நிலவியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்த ஒரு கூட்டுத் திட்டத்தில், மழை அளவையும் சரிவின் தன்மையையும் சேர்த்து முன்கூட்டியே எச்சரிக்க முடியுமா என்று சோதிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களில் ஒன்று டார்ஜிலிங், மற்றொன்று எங்கள் நீலகிரி. 2020 மழைக்காலத்திலிருந்து மாவட்ட நிர்வாகத்துக்கு அறிக்கை போகத் தொடங்கியது. 2024 ஜூலை 19 அன்று கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் திறந்தார்கள்.

பதினொரு நாள் கழித்து, ஜூலை 30 விடியலில், வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் போயின.

இதைக் குற்றம்சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த வரைபடம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அந்த நிகழ்வைவிடக் கசப்பான விளக்கம் கிடையாது. வரைபடம் எந்தச் சரிவு பெயரும் என்று சொல்கிறது. பெயர்ந்த மண்ணும் பாறையும் நீரோடு கலந்து எவ்வளவு தூரம் ஓடும், வழியில் எந்தக் கரையை அறுக்கும் என்பது வேறு கணக்கு. வயநாட்டில் மேலே மலைமுகட்டருகே பெயர்ந்தது, ஆற்றின் வழியே பல கிலோமீட்டர் கீழே ஓடிவந்து, ஓரளவு சமமான இடத்தில் இருந்த வீடுகளையும் பள்ளியையும் அடித்துக்கொண்டு போனது. தன் வீடு இருக்கும் இடத்தின் நிறத்தை மட்டும் பார்த்து 'நாம் சிவப்பில் இல்லை' என்று நிம்மதியாகத் தூங்குகிறவருக்கு அந்த வரைபடம் போதாது. 1:50,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். ஒரு தெரு முழுவதும் ஒரு பேனாக் கோட்டுக்குள் மறைந்துவிடும். ஆபத்து மிகுந்த இடங்களில் 1:10,000 அளவில் மறுபடி வரைய வேண்டியிருப்பது இதனால்தான். முன்னறிவிப்பும் வட்டம், கோட்டம் என்ற அளவில் வருகிறதே தவிர, இந்த மலை, இந்த வளைவு என்று வருவதில்லை.

ஆகவே 1,200 தேடல் திட்டங்கள் என்ற கணக்கைப் பார்க்கும்போது எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. அதே நிலவியலாளர்கள், அதே களப்பருவம். ஒருவர் இந்த ஆண்டு லித்தியம் தேடப் போனால் குன்னூர்ச் சாலைக்கு மேலுள்ள சரிவைப் பார்க்க யார் வருவார்? கருவியை விலைக்கு வாங்கிவிடலாம். ஒரு சரிவில் நின்று, மரங்களின் அடித்தண்டு வளைந்திருப்பதைப் பார்த்து, இந்த மண் பல ஆண்டுகளாக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஆளை உருவாக்கப் பத்து ஆண்டுகள் ஆகும்.

சுனைநீர் எழுதிய மறுமொழி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு மணி நேரப் பேச்சுக்கு வந்தவனுக்கு ஒரு நாள் பேச்சுக்கான சரக்கு கிடைத்துவிட்டது. ஜிஎஸ்ஐ சுரங்கம் தோண்டுவதில்லை, தோண்டலாமா என்று முடிவெடுப்பதும் இல்லை, ஆனால் அது எழுதும் அறிக்கை இல்லாமல் மற்ற எதுவும் தொடங்காது என்று நான் புரிந்துகொண்டது சரிதானா? கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்துக் காட்டுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். படம் போட்டுக் காட்டுகிற வசதி எங்கள் நூலகத்தில் இல்லை.

கருங்கல் எழுதிய மறுமொழி:

சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். எல்லையைக் குறிப்பதும் ஏலம் விடுவதும் அரசுகளின் முடிவு. அந்த முடிவு எதன்மேல் நிற்கிறதோ அந்தத் தாள் ஜிஎஸ்ஐயினுடையது. எதிர்க்கேள்வி கேட்ட 'சுனைக்கு ஒரு கட்டம்' என்பது நியாயமான கோரிக்கை என்றே எனக்கும் படுகிறது. கனிமத் தொகுதி அறிக்கையில் நீர்நிலை, தொல்லியல் சின்னம், காப்புநிலம் ஆகியவற்றின் எல்லைகளை அதே வரைபடத்தின் மேல் முதல் நாளே போட்டுக் காட்டுவதற்கு இன்று தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. வரைபடப்பித்தன் போன்ற ஒருவர் அரை நாளில் செய்து கொடுத்துவிடுவார். குறிஞ்சிமலை சொன்ன ஆள் பற்றாக்குறை மட்டும் அப்படி அரை நாளில் தீராது. ஜிஎஸ்ஐக்கு ஹைதராபாத்தில் ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களை வெயிலில் நடக்கவைத்து, கிளைனோமீட்டரைப் பாறைமேல் வைத்து அதன் சாய்வை அளக்கவைத்துத்தான் இன்றும் தொடங்குகிறார்கள். விமானத் தரவைப் படிக்கத் தெரிந்தவர் தரையில் ஒருமுறையாவது கால் வைத்திருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய பிடிவாதத்தை அவர்கள் விட்டுவிடக் கூடாது.

கையில் கொடுத்துக் காட்டுவதற்கு இரண்டு யோசனை. பூகோஷ் தளத்தில் உங்கள் வட்டத்தின் பாறை வரைபடத்தை எடுத்து, பெரிய தாளில் அச்சிட்டு மேசைமேல் விரியுங்கள். தளத்தில் தமிழ் இல்லை, ஆகவே நிறக்குறியீட்டுப் பட்டியலை நீங்களே தமிழில் எழுதி ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்; அவரவர் கிணறு எந்த நிறத்தில் வருகிறது என்று தேடுவதிலேயே கூட்டம் அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஒரு துண்டு சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து அந்தப் பாறைக்கு அவர் பெயரை வைத்தவர் ஜிஎஸ்ஐயின் தாமஸ் ஹாலந்து; கல் போனது இங்கிருந்து, சென்னை பரங்கிமலைப் பக்கத்திலிருந்து. வெளியே துருப்பிடித்த மண் நிறமாக இருக்கும். உடைத்த புதுமுகத்தை வெளிச்சத்தில் திருப்பினால் நீலம் கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும். சார்னோகைட் கிடைக்கும் பகுதிகளில் கட்டட வேலை நடக்கும் இடத்து ஜல்லிக் குவியலில் தேடினாலே கிடைக்கும், கடையில் போய் வாங்காதீர்கள்.